கப்பலின் சிறப்பு உணவகத்தில் டிப்ஸ்: சேலத்திலிருந்து முதன்முறை செல்வோருக்கு

சேலத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணம் போவது இன்று அரிதான செய்தி அல்ல. கோயம்புத்தூர், திருச்சி, பெங்களூரு ஆகிய விமான நிலையங்களில் ஒன்றிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து, மரினா பே முனையத்தில் கப்பலேறி, மூன்று நான்கு இரவுகளைக் கடலில் கழித்துத் திரும்பும் குடும்பங்களை அஸ்தம்பட்டியிலும் ஃபேர்லேண்ட்ஸிலும் எனக்கே பல தெரியும். அவர்களில் பலர் கிளம்புவதற்கு முன் என்னிடம் விசா, பெட்டியின் எடை, சைவச் சாப்பாடு என்று வரிசையாக விசாரிப்பார்கள். டிப்ஸ் பற்றிய கேள்வி மட்டும் கடைசியில், சற்றே தயக்கத்தோடு வரும். அந்தத் தயக்கம் இயல்பானது. நம் ஊர் ஓட்டலில் பில்லோடு வரும் சோம்புத் தட்டில் மீதிச் சில்லறையை விட்டுவிட்டு எழுந்தால் வேலை முடிந்தது. கப்பலில் அப்படி இல்லை.

நான் முதன்முறை போனபோது, எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்காகக் கப்பலிலிருந்த இத்தாலிய உணவகத்தில் மேஜை பிடித்திருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் தோல் உறைக்குள் ஒரு சீட்டு வந்தது. அதன் அடியில் கூடுதல் டிப்ஸுக்கென ஒரு காலிக் கோடு இருந்தது. காலிக் கோட்டை நிரப்ப வேண்டும் என்று எண்ணி 20 டாலர் (இங்கே டாலர் என்பதெல்லாம் அமெரிக்க டாலர்) என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பல ஆண்டுகள் கப்பல் உணவகங்களில் சர்வராக இருந்து, இப்போது ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம் ஊர் திரும்பியதும் அந்தச் சீட்டைக் காட்டினேன். அவன் இரண்டு வரி மேலே விரலை வைத்து, “மாமா, டிப்ஸை அவங்களே போட்டுட்டாங்க பாருங்க, நீங்க ரெண்டாவது தடவை குடுத்திருக்கீங்க” என்றான். கொடுத்த பணத்திற்காக நான் வருந்தவில்லை. அதை யாருக்கு, எதற்காகக் கொடுத்தேன் என்று தெரியாமல் கொடுத்ததுதான் உறுத்தியது. இந்த வழிகாட்டி அவனிடம் கேட்டதையும் அதன் பின் சென்ற பயணங்களில் நானே பார்த்துத் தெளிந்ததையும் சேர்த்து எழுதியது.

முதலில் மூன்று தொகைகளைப் பிரித்தறியுங்கள்

குழப்பம் முழுவதும் மூன்று வெவ்வேறு தொகைகளுக்கு ஒரே பெயர் வழங்குவதால் வருகிறது. முதலாவது, பயண முடிவில் தீர்க்க வேண்டிய ஒவ்வொரு பயணியின் கப்பல் கணக்கிலும் நாள்தோறும் தானாக ஏறும் கிராச்சுட்டி, அதாவது சேவைக்கான தொகை. ராயல் கரீபியன் நிறுவனம் இதை அண்மை ஆண்டுகளில் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு 18.50 டாலர் என்றும், சூட் எனப்படும் பெரிய சொகுசு அறைகளுக்கு 21 டாலர் என்றும் உயர்த்தியது. இந்தத் தொகை உங்கள் அறையைச் சுத்தம் செய்பவருக்கும், கட்டணத்தில் அடங்கிய பொது உணவுக்கூடத்திலும் பஃபேயிலும் பரிமாறுபவர்களுக்கும், கண்ணில் படாமல் உழைக்கும் பிற பணியாளர்களுக்கும் பகிரப்படுகிறது.

இரண்டாவது, தனிக் கட்டணம் வாங்கும் சிறப்பு உணவகத்தில், அந்தக் கட்டணத்தின் மீது சதவீதமாகச் சேர்க்கப்படும் கிராச்சுட்டி. ராயல் கரீபியன், பிரின்சஸ் கப்பல்களில் இது 18 சதவீதம். நார்வீஜியன், செலிபிரிட்டி கப்பல்களில் 20 சதவீதம். இதை நீங்கள் எழுதவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். பில்லில் அச்சாகியே வரும். மூன்றாவது, இவை இரண்டும் போக, நீங்களாக விரும்பி ஒருவருக்குக் கொடுப்பது. நம் ஊரில் நாம் டிப்ஸ் என்று சொல்வது இந்த மூன்றாவதைத்தான். ஆகவே கப்பலில் பணியாளர் ஒருவர் டிப்ஸ் சேர்ந்துவிட்டது என்று சொன்னால், அவர் முதல் இரண்டையும் குறிப்பிடுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கவர் சார்ஜ் என்ற நான்காவது சொல்லும் காதில் விழும். அது டிப்ஸ் அல்ல. சிறப்பு உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த விலை அது. சில உணவகங்களில் அப்படி மொத்த விலை இல்லாமல் பண்டத்திற்குப் பண்டம் விலை போட்டிருப்பார்கள். இரண்டு முறையிலும் கிராச்சுட்டி அதன் மேல்தான் ஏறும்.

இங்கே நம் நாட்டுப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். ஓட்டல்களும் உணவகங்களும் சர்வீஸ் சார்ஜைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏற்காடு விடுதி ஒன்றில் அப்படி ஒரு வரி பில்லில் இருந்தால் அதை நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிக் கேட்பவர்களை என் அக்கா மகன் வாரந்தோறும் பார்க்கிறான். ஆனால் பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளின் கொடியோடு ஓடும் கப்பலில் இந்த வழிகாட்டுதல் செல்லாது. பயணச் சீட்டு வாங்கும்போது நாம் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளில் அந்தச் சதவீதமும் அடங்கியிருக்கிறது. சிறப்பு உணவகத்தின் 18 சதவீதத்தை நீக்கும்படி மேஜையில் உட்கார்ந்து சர்வரிடம் வாதாடுவது அவரைச் சங்கடப்படுத்துமே தவிர, அதை நீக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

சேலத்தை விட்டுக் கிளம்பும் முன்

பயண முகவர் கொடுக்கும் விலைப்பட்டியலில் கிராச்சுட்டி என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது முன்கூட்டியே கட்டப்பட்டிருந்தால் கப்பலில் நாள்தோறும் ஏறாது. இல்லையென்றால், தந்தை, தாய், இரண்டு பிள்ளைகள் என்று நால்வர் நான்கு இரவுகள் போகும் பயணத்தில், 18.50 டாலர் கணக்குப்படி 296 டாலர் பயண முடிவில் கணக்கில் நிற்கும். ஒரு டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இது 26,640 ரூபாய். பிள்ளைகளுக்கும் அதே தொகைதான். இதை முன்பே அறிந்து ஒதுக்கி வைக்காதவர்கள்தான் கடைசி இரவில் அதிர்ந்துபோய், சிறப்பு உணவகத்தில் நன்கு கவனித்துக்கொண்ட ஒருவருக்குக் கொடுக்க நினைத்த 5 டாலரையும் கொடுக்காமல் திரும்புகிறார்கள். முகவரிடம் இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எல்லா நிறுவனங்களும் இப்படி வசூலிப்பதில்லை. பிரிட்டனின் பி அண்டு ஓ குரூசஸ் 2019 முதல் இந்தத் தொகையைப் பயணக் கட்டணத்திலேயே அடக்கிவிட்டது. ரீஜென்ட், சில்வர்சீ, சீபோர்ன் போன்ற உயர் கட்டணக் கப்பல்களிலும் கிராச்சுட்டி கட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது. சென்னையிலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் கப்பல் 2022 ஜூனில் பயணம் தொடங்கியபின் சேலத்துக்காரர்கள் பலருக்கு அதுவே முதல் கப்பல்; அதில் போகிறவர்களும் சீட்டில் உள்ள கட்டண விவரத்தை இதே கண்ணோடு படிக்க வேண்டும்.

அடுத்தது சில்லறை. நான் வலியுறுத்திச் சொல்வது இதைத்தான், ஏனென்றால் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். அந்நியச் செலாவணி மாற்றுபவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் 100 டாலர் நோட்டுகளாக எடுத்து நீட்டுவார்கள். நூறு டாலர் நோட்டை யாருக்கும் டிப்ஸாகக் கொடுக்க முடியாது. கொடுத்துவிட்டு மீதி கேட்கவும் முடியாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்து, 1 டாலர் நோட்டு இருபதும் 5 டாலர் நோட்டு பத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லை என்றால் கப்பல் ஏறிய முதல் நாளே விருந்தினர் சேவை மேசையில் பெரிய நோட்டைச் சிறு நோட்டுகளாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கடைசி நாள் அங்கே வரிசை நீளும். நாணயங்களைத் தவிர்த்துவிடுங்கள். வெளிநாட்டு நாணயத்தைப் பணியாளர்கள் தம் ஊரில் மாற்ற முடியாது. ஆகவே அது அவர்களுக்குப் பணமாகவே ஆகாது. நம் ரூபாய் நோட்டும் அப்படித்தான், வாங்குபவர் இந்தியராக இருந்தால் ஒழிய.

மேஜையைப் பதிவு செய்யும்போது

சிறப்பு உணவகத்திற்குப் பணம் கட்டும் வழி மூன்று. ஊரிலிருந்தே இணையத்தில் கட்டிவிடலாம். பல இரவுகளுக்குச் சேர்த்து உணவுத் தொகுப்பாக வாங்கலாம். கப்பலில் ஏறியபின் பதிவு செய்து சாப்பிட்டு முடித்ததும் கையெழுத்திடலாம். முதல் இரண்டில், ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்கள் பணம் வாங்கும்போதே 18 சதவீதத்தையும் சேர்த்து எடுத்துவிடும். அதனால் அன்றிரவு மேஜைக்கு வரும் சீட்டில் விலையும் பூஜ்யம், கிராச்சுட்டியும் பூஜ்யம் என்று இருக்கும். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து, பாவம், சர்வருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று நினைத்துக் கோட்டில் பெரிய தொகையை எழுத வேண்டியதில்லை. ஊரில் கட்டிய ரசீதை அலைபேசியில் படமெடுத்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இலவசம் என்ற சொல்லுக்கும் கவனம் தேவை. நார்வீஜியன் கப்பல்களில் பயணச் சீட்டோடு சலுகையாகச் சிறப்பு உணவைக் கொடுப்பார்கள். அந்த உணவின் வழக்கமான விலையைக் கணக்கிட்டு, அதற்கான 20 சதவீதத்தை நீங்கள் முன்னதாகவே கட்டியிருப்பீர்கள். இதற்கு மாறாக, அடிக்கடி பயணிப்பவர் என்பதற்காகவோ ஏதோ ஒரு குறைக்கு ஈடாகவோ கப்பல் அதிகாரி ஒருவர் உங்களை ஒரு வேளை உணவுக்குக் கட்டணமின்றி அழைத்தால், அங்கே கிராச்சுட்டி எதுவும் ஏறாமல் இருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட இரவில்தான் கையிலிருந்து கொடுப்பது நியாயம். வழக்கமான விலை என்னவென்று கேட்டறிந்து, அதன் 18 சதவீத அளவுக்குக் கொடுப்பது என் பழக்கம். விருந்தாளியாகப் போன இடத்திலும் பரிமாறியவரின் உழைப்பு அதேதான்.

பதிவு செய்யும்போதே சைவம் என்றால் சைவம், வெங்காயம் பூண்டு கூடாதென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சிறப்பு உணவகங்களில் பல மாட்டிறைச்சியையும் கடல் உணவையும் நம்பி நடப்பவை. முதல் நாளே தலைமைப் பரிமாறுபவரிடம் சொன்னால், இந்தியச் சமையல்காரர் இருக்கும் கப்பல்களில் மறுநாள் தனியாகச் செய்து தருவதுண்டு. இது பட்டியலில் இல்லாத உழைப்பு. டிப்ஸ் பேச்சில் இதற்குத் தனி இடம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பில் வந்தபின்

உறையைத் திறந்ததும் அடியிலிருக்கும் காலிக் கோட்டைப் பார்க்காமல், மேலிருந்து படித்து இறங்குங்கள். உதாரணமாக, ஆளுக்கு 65 டாலர் வீதம் இருவருக்கு 130 டாலர் என்று முதல் வரி இருக்கட்டும். அதன் கீழ் 18 சதவீதக் கிராச்சுட்டி 23.40 டாலர். கூட்டினால் 153.40 டாலர். சில துறைமுகங்களில் உள்ளூர் வரியும் ஒரு வரியாக வரும். இதற்குக் கீழேதான் கூடுதல் டிப்ஸ் என்ற கோடு. நான் செய்ததுபோல அங்கே 20 டாலர் எழுதினால், பரிமாறியதற்கு மட்டும் 43.40 டாலர், அதாவது சாப்பாட்டு விலையில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தவர் ஆவீர்கள். மனமாரக் கொடுத்தால் தவறில்லை. தெரியாமல் கொடுக்காதீர்கள் என்பதே நான் சொல்வது.

கூடுதலாகக் கொடுக்க விரும்பாவிட்டால் அந்தக் கோட்டின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, மொத்தத்தை நீங்களே எழுதிக் கையெழுத்திடுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, கூச்சமும் வேண்டாம். கட்ட வேண்டியதை நீங்கள் கட்டிவிட்டீர்கள்.

மது அருந்தாதவர்களும் பான வரியைக் கவனிக்க வேண்டும். பழச்சாறு, மாக்டெயில், பாட்டில் தண்ணீர் ஆகியவை பல கப்பல்களில் உணவுக் கட்டணத்தில் அடங்காமல் தனியாக வரும்; அவற்றின் மீதும் அதே சதவீதம் ஏறும். பானத் தொகுப்பு வாங்கியிருந்தால் ஏறாது.

கூடுதலாக யாருக்கு, எவ்வளவு, எப்படி

இங்கே விதி என்று ஒன்றும் இல்லை; நான் சொல்வது என் கருத்து. வழக்கமாக நன்றாகப் பரிமாறியதற்கு, ஏற்கெனவே சேர்ந்த சதவீதம் போதும். ஒருவர் உங்களுக்கென்று தனியாக ஏதேனும் செய்திருந்தால் கொடுங்கள். வயதான அம்மாவுக்கு மெல்ல முடியாதென்று கண்டு கேட்காமலே காய்கறியைக் குழைய வேகவைத்துக் கொண்டுவந்தவர், பிள்ளை தூங்கி விழுந்தபோது அதன் உணவைப் பெட்டியில் கட்டி அறைக்கு அனுப்பியவர், முதல் நாள் சொன்ன வெங்காயம் பூண்டு விஷயத்தை நினைவில் வைத்துச் சமையலறையில் நின்று பார்த்து எடுத்துவந்த தலைமைப் பரிமாறுபவர் ஆகியோர் இந்தக் கணக்கில் வருவார்கள். தம்பதியாகப் போனால் 5 டாலர், குடும்பமாகப் போய் அதிக வேலை வைத்திருந்தால் 10 டாலர் என்பது நான் பின்பற்றும் அளவு. தெப்பன்யாகி என்னும் ஜப்பானிய உணவகத்தில் சூடான இரும்புத் தட்டின் முன் நின்று, கண்ணெதிரே சமைத்து, பிள்ளைகளைச் சிரிக்கவைத்துப் பரிமாறும் சமையல்காரருக்கு மேஜையில் இருப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அங்கே மேஜை பொதுவானது என்பதால் பக்கத்தில் இருப்பவர் கொடுக்கும் தொகையைப் பார்த்து மனம் குழம்ப வேண்டாம்.

கோட்டில் எழுதுவதைவிடக் கையில் கொடுப்பது எனக்கு உகந்தது. எழுதிய தொகை கணக்கு வழியாகப் போகும்; கையில் கொடுத்தது வாங்கியவருக்கே சேர்கிறது. நோட்டை இரண்டாக மடித்து, எழுந்து கிளம்பும்போது, பெயர்ப் பட்டையில் இருக்கும் பெயரைச் சொல்லி நன்றி கூறி, வலது கையால் கொடுங்கள். மேஜையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மேஜையைத் துடைக்க வருபவர் வேறொருவர். சாப்பாடு தொடங்கும் முன்பே கொடுத்து நல்ல கவனிப்பை விலைக்கு வாங்க நினைப்பதும் அழகல்ல. நம்மில் சிலர் பணியாளரை விரல் சொடுக்கிக் கூப்பிட்டுவிட்டு இறுதியில் பெரிய நோட்டை நீட்டுவார்கள். அந்த நோட்டு அந்தச் சொடுக்கை அழிக்காது என்று என் அக்கா மகன் சொன்னபோது, அவன் குரலில் இருந்த வலி இன்னும் என் நினைவில் இருக்கிறது.

கப்பல் பணியாளர் வாழ்க்கையை ஓரளவு தெரிந்துகொண்டால் எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி எளிதாகும். ஒப்பந்தம் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதம். அதுவரை வீடு திரும்ப முடியாது. 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கும், ஒரு வாரத்தில் 72 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. அந்த உச்ச வரம்பே எவ்வளவு நீளமானது என்று பாருங்கள். அவர்களில் இந்தியர், பிலிப்பினோ, இந்தோனேசியர் ஏராளம். பரிமாறுபவரின் வருவாயில் கிராச்சுட்டி பெரும் பங்கு வகிக்கிறது. அதனால்தான், நாள்தோறும் ஏறும் தொகையை விருந்தினர் சேவை மேசையில் சொல்லிக் குறைத்துக்கொள்ளலாம் என்று சில பயணிகள் யோசனை சொல்லும்போது நான் மறுத்துப் பேசுகிறேன். பல நிறுவனங்களில் அதற்கு வழி இருப்பது உண்மை. ஆனால் சிறப்பு உணவகத்தில் ஒருவருக்குக் கையில் 10 டாலர் கொடுத்துவிட்டு, நாம் பார்க்காத இடத்தில் பாத்திரம் கழுவுகிறவரின் பங்கைக் குறைப்பது எந்தக் கணக்கிலும் சரியாகாது. சேவையில் உண்மையான குறை இருந்தால், அன்றிரவே உணவக மேலாளரிடம் சொல்லுங்கள். அவர்களால் மறுநாளே சரிசெய்ய முடியும்.

பணம் கொடுக்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பயணம் முடிந்தபின் மின்னஞ்சலில் வரும் கருத்துப் படிவத்தில் பணியாளரின் பெயர், நாடு, உணவகத்தின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு அவர் செய்ததை இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். தன்னைப் பாராட்டி ஒரு பயணி எழுதிய வாசகத்தை மேலாளர் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படித்ததை என் அக்கா மகன் இன்றும் சொல்வான். பெயரை அன்றிரவே குறித்துக்கொள்ளுங்கள். வீடு வந்து சேர்வதற்குள் மறந்துவிடும்.

கடைசி இரவும் கடைசிக் காலையும்

கடைசி இரவுக்கு முந்தின நாளே அறைத் தொலைக்காட்சியிலோ கப்பலின் செயலியிலோ உங்கள் கணக்கைத் திறந்து, சிறப்பு உணவகச் சீட்டு ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதல் டிப்ஸாக 5 என்று எழுதியது 50 என்று ஏறியிருக்கலாம். ஊரிலேயே கட்டிய உணவு மீண்டும் ஏறியிருக்கலாம். கப்பலில் இருக்கும்போது சொன்னால் சில நிமிடங்களில் திருத்துவார்கள். ஊர் வந்தபின் மின்னஞ்சலில் அலைய வேண்டும். நம் வங்கி அட்டையில் கணக்கைத் தீர்த்தால் அந்நியச் செலாவணிக்கான கூடுதல் கட்டணமாக 2 முதல் 3.5 சதவீதம் வரை வங்கி எடுப்பது வழக்கம். அந்தத் தொகை கிராச்சுட்டியின் மீதும் சேர்த்தே ஏறும். முன்கூட்டியே டாலர் ஏற்றிய பயண அட்டையில் தீர்த்தால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் கப்பல் ஏறியதும் சில நிறுவனங்கள் அட்டையில் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும் என்பதால், அதற்கும் சேர்த்து இருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் மீந்த 1 டாலர் நோட்டுகளை, இறங்கும் காலையில் அறைக்குப் பொறுப்பான பணியாளரைத் தேடிக் கொடுத்துவிடுங்கள். அன்று அவர் அடுத்த பயணிகளுக்காக அறைகளைத் தயார் செய்யும் அவசரத்தில் இருப்பார். ஆகவே காலை உணவுக்குப் போகும் முன்பே கொடுப்பது நல்லது.